கம்மாயை ஏரி என்று திருத்துகிறவர்கள்

முதலில் ஒரு கணக்கு. பிரிட்டன் தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கிற வேல்ஸில், 2021 கணக்கெடுப்பின்படி, வெல்ஷ் மொழி பேசத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். நான் பதிப்பகம் வைத்திருக்கும் இராஜபாளையம் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் இந்த ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகையே 19 லட்சத்துக்கு மேல். எங்கள் மாவட்டத்துக்குள் மூன்று வேல்ஸை உட்காரவைத்துப் பந்தி பரிமாறலாம், அதுக்கப்புறமும் இலை மிச்சமிருக்கும்.

அந்த வேல்ஸில் டாலிபாண்ட் என்று ஒரு கிராமம். அங்கே 1967-இல் ஆரம்பித்த ‘அ லோல்வா’ என்கிற பதிப்பகம் இன்றைக்கும் அதே கிராமத்திலிருந்துதான் வெல்ஷில் புத்தகம் போடுகிறது. லண்டனுக்குக் குடிபெயரவில்லை. தலைநகர் கார்டிஃபுக்குக்கூடப் போகவில்லை. இங்கே நான் இராஜபாளையத்தில் பதிப்பகம் நடத்துகிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் இரண்டு கேள்விதான் கேட்பார். “நோட்டுப் புத்தகமா அண்ணாச்சி?” இல்லை, கதை, கவிதை, நாவல் என்று சொன்னால் அடுத்தது: “அப்ப சென்னைக்குப் போயிரலாம்ல?”

வேல்ஸை எதுக்கு இங்கே இழுக்கிறேன் என்றால், இந்த இதழைப் படிக்கிற இளம் நண்பர்கள் ‘சிறிய மொழிகளின் இலக்கியம்’ பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஐஸ்லாந்து, எஸ்டோனியா, வேல்ஸ் என்று ஆங்கில வழியாகத் தேடித்தேடிப் படிக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் சிறிய மொழி ஒன்று உயிரோடு இருக்க என்ன வேண்டும், யார் காசு போடுகிறார்கள், எந்த ஊரில் அச்சாகிறது என்கிற கேள்வி அந்தப் பேச்சில் வருவதே இல்லை. வந்தால் அது நம்ம ஊருக்கும் வந்து நிற்கும். அதனால்தானோ என்னவோ.

நம்ம ஊர் நிலவரம் இது. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் சிவகாசி. இந்தியாவின் அச்சுத் தொழிலில் சிவகாசிக்கு என்ன இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலண்டர், டைரி, நோட்டு, பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை, இனிப்புக்கடை அட்டைப்பெட்டி. ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிடும். அன்றிலிருந்து மார்கழி வரைக்கும் மிஷின் நிற்காது. இவ்வளவு மிஷினும் மையும் பேப்பரும் இருக்கிற ஊர்ப்பக்கம், கரிசல்காட்டு நாவல் ஒன்றைச் சொந்த மண்ணில் பதிப்பிக்க ஆள் கிடையாது. முந்நூறு பிரதி என்று சொன்னால் மிஷின்மேன் சிரிக்கிறார். “பிளேட்டு மாட்டி கலர் செட் ஆகுறதுக்குள்ளயே நூறு ஷீட்டு வீணாப் போயிரும் அண்ணாச்சி. முந்நூறு காப்பிய எதுல எண்ணுறது?” அவர் சொல்வது நியாயம். அவர் லட்சத்தில் எண்ணிப் பழகியவர்.

எழுத ஆள் இல்லையா என்றால், எழுதிக் குவித்திருக்கிறார்கள். கி. ராஜநாராயணன் 1991, மேலாண்மை பொன்னுச்சாமி 2007, பூமணி 2014, எஸ். ராமகிருஷ்ணன் 2018, சோ. தர்மன் 2019. சாகித்திய அகாதமி விருது வருஷங்கள் இவை. இடைசெவல், மேலாண்மறைநாடு, மல்லாங்கிணறு, உருளைக்குடி என்று இவர்கள் ஊர்களை வரைபடத்தில் குறித்துக் கோடு போட்டால், காலையில் கிளம்பி ஒரே நாளில் பைக்கில் சுற்றிவந்துவிடலாம். இந்தியாவில் இத்தனை சின்ன வட்டத்துக்குள் இத்தனை விருது வேறெங்கே என்று பெருமையடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த வட்டத்துக்கு வெளியே போய்த்தான் புத்தகமாயின.

கரிசலில் பருத்தி விளைகிறது. ஒரு காலத்தில் அது தூத்துக்குடியில் கப்பலேறிப் போய்த் துணியாகத் திரும்பி வந்தது. பிறகு இராஜபாளையத்தில் நூற்பாலைகள் வந்தன. பக்கத்தில் சத்திரப்பட்டி, உலகத்துக் காயத்துக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிறது. பருத்தி விஷயத்தில் விழித்துக்கொண்ட ஊர், எழுத்து விஷயத்தில் இன்னும் பஞ்சாகவே ஏற்றுமதி செய்துகொண்டிருக்கிறது.

ஏற்றுமதியானால் என்ன, எங்கே அச்சானால் என்ன, எழுத்து எழுத்துதானே என்று கேட்பீர்கள். என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து எழுத்தாளர் ஒருவருடைய சிறுகதைத் தொகுப்பு பல வருஷத்துக்கு முன்னால் வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றில் வந்தது. அதில் ‘கம்மாய்’ என்று வந்த இடமெல்லாம் ‘ஏரி’ என்று திருத்தியிருந்தார்கள். போகட்டும், வட தமிழ்நாட்டில் அதை ஏரி என்பார்கள். ஆனால் ‘கலுங்கு’ என்ற சொல்லை ‘மதகு’ என்று மாற்றிவிட்டார்கள். கலுங்கு என்பது கம்மாய் நிறைந்து மிஞ்சின தண்ணீர் தானாக வழிந்து வெளியேறுகிற இடம். மதகு என்பது வயலுக்குத் தண்ணீர் விட மனுஷன் திறந்து மூடுவது, நாங்கள் மடை என்போம். கதையில், பல வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு ஒரு ராத்திரி கலுங்கு பாய்கிறது. சத்தம் கேட்டு ஊரே எழுந்து ஓடுகிறது. கிழவி ஒருத்தி கரையில் நின்று குலவை போடுகிறாள். திருத்தப்பட்ட பிரதியில், நடுராத்திரியில் ‘ஏரியின் மதகு திறந்தது’. யார் திறந்தார்கள்? எதுக்குத் திறந்தார்கள்? திருட்டுத்தனமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டதுக்குக் கிழவி ஏன் குலவை போடுகிறாள்? கதை செத்துப்போச்சு. மதிப்புரை எழுதிய ஒருவர் அந்த இடத்தை ‘மாய யதார்த்தம்’ என்று பாராட்டியிருந்தார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

திருத்தியவர் கெட்டவர் இல்லை. அவர் பிழை திருத்தியதாகத்தான் நினைத்திருப்பார். அவர் மேஜையிலிருந்து கம்மாய் தெரியாது, அவ்வளவுதான். ஒரு மொழியைப் பதிப்பிக்கிறவன் அந்தச் சொல் புழங்குகிற இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதுக்குத்தான். சந்தேகம் வந்தால் எனக்கு அகராதி வேண்டாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் கம்மாய்க் கரையில் ஒரு பெரியவர் இருப்பார். “கலுங்குக்கும் மடைக்கும் வித்தியாசம் தெரியாதா, என்னய்யா படிச்ச?” என்று திட்டிவிட்டுச் சொல்லிக்கொடுப்பார். மொத்தச் செலவு ஒரு டீ, ஒரு வடை.

அகராதி என்றதும் ஒரு விஷயம். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி செய்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. கி.ரா.வும் அவருடைய நண்பர்களும் கூடிச் செய்தது. 1980களின் தொடக்கத்தில் அதைப் புத்தகமாக்கியவர் சிவகங்கையில் இருந்த கவிஞர் மீரா. சின்ன ஊரில் இருந்துகொண்டு அன்னம் என்ற பெயரில் அவர் போட்ட புத்தகங்கள் ஒரு தலைமுறையின் ரசனையையே மாற்றின. கோணங்கி ‘கல்குதிரை’யைக் கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்தார். இன்னும் பின்னால் போனால், 1586-இல் ‘அடியார் வரலாறு’ அச்சான இடம் தூத்துக்குடிப் பக்கத்துப் புன்னைக்காயல் என்கிற மீனவர் ஊர். அப்போது சென்னை என்ற நகரமே கிடையாது. புத்தகம் என்றால் தலைநகரம் என்பது ரொம்பப் பிந்தி வந்த பழக்கம். அதை விதி மாதிரிப் பேசாதீர்கள்.

‘வட்டார இலக்கியம்’ என்ற பெயரும் இந்தப் பழக்கத்தின் குழந்தைதான். தஞ்சாவூர் அக்ரஹாரப் பேச்சில் எழுதினால் நவீனத் தமிழ் இலக்கியம். கரிசலில் சம்சாரி பேசுகிற மாதிரி எழுதினால் வட்டார வழக்கு, மண் மணம். சென்னை ஒரு வட்டாரம் இல்லையா? மயிலாப்பூருக்கு மணம் கிடையாதா? கேட் ராபர்ட்ஸ் என்று ஒரு எழுத்தாளர் வேல்ஸில் இருந்தார், 1891-இல் பிறந்தவர். வடக்கு வேல்ஸில் சிலேட்டுக் கல் உடைக்கிற குவாரித் தொழிலாளியின் மகள். அந்தக் குவாரிக் குடும்பங்களைப் பற்றி நிறைய எழுதினார். அவரை அங்கே ‘எங்கள் இலக்கியத்தின் அரசி’ என்றுதான் சொல்கிறார்கள். 1935-இல் அவரும் கணவரும் சேர்ந்து டென்பி என்கிற சின்ன ஊரில் ஒரு பழைய அச்சகத்தை விலைக்கு வாங்கினார்கள். 1946-இல் கணவர் இறந்த பிறகும் அவரே பத்து வருஷம் அதை நடத்தினார். நாட்டின் முதல்தர எழுத்தாளர் மை படிந்த கையோடு பில் போட்டுக்கொண்டிருந்த காட்சியை நினைத்துப் பாருங்கள். இங்கே யாருக்காவது அந்த யோசனை வருமா? நமக்கு எழுத்தாளர் என்றால் மேடை. பதிப்பாளர் என்றால் ராயல்டி தராத ஆள்.

மரபு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் மரபுக்குக் குறைச்சல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார், ஆண்டாள். அரசாங்க முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம் என்று ஊரில் பச்சைப்பிள்ளையும் சொல்லும். சேற்றூர் சமஸ்தானத்தில் முகவூர்க் கவிராயர்கள். தெற்கே சென்னிகுளத்தில் காவடிச்சிந்து பாடின அண்ணாமலை ரெட்டியார். இதையெல்லாம் நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

ஆண்டாளையே எடுத்துக்கொள்வோம். அவர் பாடியது 173 பாசுரம். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. மார்கழி வந்தால் திருப்பாவை குட்டிப் புத்தகம் இலவசமாகக் குவியும். உபயதாரர் போட்டோ முதல் பக்கத்தில், பாசுரம் இரண்டாவது பக்கத்திலிருந்து. மற்ற 143 பாட்டு எங்கே? உடம்பும் ஏக்கமும் கோபமுமாக ஒரு பெண் பேசுகிற அந்தப் பாட்டுகளை நல்ல உரையோடு, கையில் எடுத்துப் படிக்கிற மாதிரி, அவள் பிறந்த ஊரிலேயே ஒருத்தர் போட்டு விற்கக் கூடாதா? 2018 ஜனவரியில் இராஜபாளையத்தில் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேசியது பெரிய சண்டையானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து நின்று கத்தியது. உண்ணாவிரதம், வழக்கு, டிவி விவாதம் எல்லாம் நடந்தது. அந்த மாதம் எங்கள் கடைத்தெருவில் நாச்சியார் திருமொழிக்குத் தனிப் பதிப்பு தேடினேன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆண்டாளுக்காகச் சண்டை போட ஆயிரம் பேர். படிக்கத் தர ஒரு புத்தகம் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்ப் பாலில் இந்த ஊரில் கிண்டினால்தான் அந்தப் பெயர் வைக்கலாம். பால்கோவாவுக்கு இருக்கிற மரியாதை இந்த ஊர்ச் சொல்லுக்கு இல்லை. அதை எங்கே வேண்டுமானாலும் கிண்டலாம்.

சரி, யார் காசு போடுவது? இதுதான் எல்லோரும் தயங்கும் இடம். உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனின் விடாமுயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. அருமையான சட்டம். இராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி வீட்டிலிருந்தும் அந்தப் பத்து பைசா போகிறது. அந்தக் காசில் வாங்கும் புத்தகம் எது என்று முடிவு செய்வதில் இராஜபாளையத்துக்கு என்ன பங்கு இருக்கிறது? பக்கக் கணக்கில் விலை வைத்து மொத்தமாகக் கொள்முதல் செய்துவந்த முறை, நிறைய தலைப்பு கையில் வைத்திருப்பவர்களுக்கு லாபமாக இருந்தது. வருஷத்துக்கு நான்கு புத்தகம் போடுகிறவன் வரிசையின் கடைசியில் நிற்பான்.

வேல்ஸில் என்ன செய்தார்கள் தெரியுமா? கார்டிகன்ஷயர் என்ற மாவட்டத்தின் நூலகர் ஆலன் எட்வர்ட்ஸ். மொழிக்குப் புத்தகம் இல்லாவிட்டால் தன் நூலகத்துக்கு வேலை இல்லை என்பதை உணர்ந்த மனுஷன். அவர் முன்னால் நின்று தள்ளியதில் 1961-இல் வெல்ஷ் புத்தகக் குழு உருவானது. அதன் தலைமையிடம் அபெரிஸ்ட்வித் என்கிற கடற்கரைச் சிற்றூர். அரசுப் பணத்தைச் சின்னப் பதிப்பகங்களுக்கு மானியமாகப் பிரித்துத் தருகிறது. அதைவிட முக்கியம், பிரதி செம்மையாக்கம், அட்டை வடிவமைப்பு, விற்பனை என்று தனி ஆளாகச் செய்ய முடியாத வேலைகளில் கூட நிற்கிறது. புத்தகங்களைக் கடைகளுக்கு அனுப்ப ஒரு பொதுக் கிட்டங்கியும் வைத்திருக்கிறது. புத்தகத் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் தேன் மாதிரி இனிக்கும். எங்களை மாதிரி ஆட்கள் சாவது அச்சுச் செலவில் இல்லை. 200 ரூபாய் புத்தகத்தில் கடைக்காரர் கமிஷன் முப்பத்தைந்து, நாற்பது சதவீதம், பார்சல் சர்வீஸ், திரும்பி வந்த கட்டு, வராத பாக்கி என்று விநியோகத்தில்தான் சாகிறோம்.

வேல்ஸ் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. மானியத்தை நம்பி வாழ்கிற இலக்கியத்துக்கு மானியக்காரர் முகம் பார்க்கிற வியாதி வரும். அங்கேயும் அண்மை வருஷங்களில் கலைக்கான பணத்தில் கை வைத்திருக்கிறார்கள், பதிப்பாளர்கள் புலம்புகிறார்கள். ஆனால் ஒரு பழக்கத்தைப் பாருங்கள். அவர்களுடைய தேசிய இலக்கியத் திருவிழா ஐஸ்டெத்வொட். வழக்கமாக அது ஒரு வருஷம் வடக்கே நடந்தால் மறுவருஷம் தெற்கே. ஊர் ஊராகக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். செய்யுளில் ஜெயித்த கவிஞருக்கு ஆயிரக்கணக்கான பேர் முன்னால் நாற்காலி தருகிறார்கள். நிஜ நாற்காலி, தச்சர் செய்தது. நம்ம சென்னைப் புத்தகக் காட்சி 1977-லிருந்து ஊர் மாறியதில்லை. இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, அரசுக்கு அதுக்காக நன்றி. ஆனால் சாயங்காலம் பட்டிமன்றத்துக்கு வருகிற கூட்டம் ஸ்டால் பக்கம் திரும்புவதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது. அந்தந்த மாவட்டத்துப் பதிப்பாளருக்கு வாசலில் ஒரு ஸ்டால், வாடகை இல்லாமல், என்று யாராவது சொன்னால் அடுத்த வருஷமே மாவட்டத்துக்கு ஐந்து பதிப்பகம் முளைக்கும்.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். ‘வெல்ஷ் சாகிற பயத்தில் இருந்த மொழி. அதனால் அரசு கொடுத்தது. தமிழ் பேச ஏழு கோடிப் பேர் இருக்கிறோம், தமிழ் சாகாது.’ ஆமாம், தமிழ் சாகாது. மதகு சாகாது, ஏரி சாகாது. கலுங்கு சாகும். கமலை இறைத்த கை ஓய்ந்து ரொம்ப நாளாச்சு. அதைச் சுற்றி இருந்த சொல்லெல்லாம் கூடவே போச்சு. சோ. தர்மன் ‘சூல்’ எழுதியிருக்காவிட்டால் கம்மாயைக் காத்த மடைக்குடும்பன் என்கிற பொறுப்பு ஒன்று இருந்ததே உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு மாவட்டத்துப் பேச்சும் வெல்ஷ் அளவுக்கு, அதைவிடவும் அதிகம் பேர் பேசுகிற ஒரு மொழி. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தாத்தா பாட்டி காலத்திலிருந்து அதை எழுதிப் படிக்க யாருக்கும் தெரியாது. அச்சேறாத பேச்சு தலைமுறைக்குத் தலைமுறை எப்படித் தேய்கிறது என்று எனக்கு யாரும் புத்தகம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, என் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டாலே போதும்.

சக பதிப்பாளர்களையும் விடப்போவதில்லை. சின்ன ஊர்ப் பதிப்பகம் என்ற பெயரில் எழுத்தாளரிடமே முப்பதாயிரம், நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு, நூறு பிரதி அடித்து, எண்பதை அவர் வீட்டுத் திண்ணையிலேயே இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிழை திருத்துவது கிடையாது. அட்டைக்கு இணையத்தில் எடுத்த சூரியோதயம். இவர்கள் வட்டார மொழியைக் காக்கவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியாருடைய பணிக்கொடையைக் கரைக்கிறார்கள். சென்னையின் அலட்சியத்தைவிட இது மோசம். அங்கே திருத்தவாவது ஒருத்தர் இருக்கிறார்.

ஊர்ப் பணக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயில் கொடைக்கு, அன்னதானத்துக்கு அள்ளித் தருகிற ஊர் இது. பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். வீட்டையே கொடுத்த ஊரில் இன்றைக்கு ஒரு நாவலின் பேப்பர் செலவுக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. இந்த ஊரிலேயே இருந்துகொண்டு எழுதி 2012-இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது வாங்கிய கொ.மா. கோதண்டம் பெயரை, தெருவில் போகிற பத்துப் பேரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். இராஜபாளையம் நாய் பற்றிக் கேட்டால் பத்துப் பேரும் அரை மணி நேரம் பேசுவார்கள்.

2021-இல் கி.ரா. மறைந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். செய்ய வேண்டியதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் துப்பாக்கிக் குண்டு முழங்கின அந்த நாளில் நண்பர்கள் பதினைந்து பேர் அவர் போட்டோவை ஸ்டேட்டஸ் வைத்தார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டேன். ‘கதவு’ கதை, பள்ளிப் பாடத்தில். மூன்று பேர் ‘கோபல்ல கிராமம்’. அகராதியை ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், அனுதாபம் வேண்டாம். ‘சின்னப் பதிப்பகங்களை ஆதரிப்போம்’ என்ற பதிவும் வேண்டாம், அதுக்கு விழுகிற லைக்கை பைண்டிங்காரர் வாங்கிக்கொள்ள மாட்டார். உங்கள் மாவட்டத்தில் யார் புத்தகம் போடுகிறார்கள் என்று தேடுங்கள். தபாலில் காசு அனுப்பி நேரடியாக வாங்குங்கள், கடைக் கமிஷன் மிச்சமானால் அது அடுத்த புத்தகத்தின் ஒரு ஃபாரம். உங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதில் போய் உட்கார்ந்து, நம்ம ஊர்ப் புத்தகம் ஏன் இல்லை என்று கேளுங்கள். ஒருதரம் இல்லை, மாதாமாதம். புத்தகம் மோசமாக இருந்தால் திட்டி எழுதுங்கள். சின்ன ஊர்க்காரன் என்று தட்டிக்கொடுக்காதீர்கள், அதுவும் ஒருவகைத் தீண்டாமைதான்.

அந்தச் சிறுகதைத் தொகுப்பை நாங்கள் மறுபதிப்பாகக் கொண்டுவருகிறோம். எழுத்தாளரின் பழைய கையெழுத்துப் பிரதியை வைத்து வரிவரியாக ஒப்பிட்டு, கம்மாயைக் கம்மாயாகவும் கலுங்கைக் கலுங்காகவும் திரும்ப வைத்திருக்கிறோம். 192 பக்கம், முந்நூறு பிரதி, விலை 200 ரூபாய். ஆறு ஃபாரம் ஓடியிருக்கிறது, இன்னும் ஆறு பாக்கி. ஆடிப்பெருக்குக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அதுக்கப்புறம் காலண்டர் சீசன், மிஷின் கிடைக்காது.